தொட்டி நீரும் கிணற்று நீரும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் இன்று நம் நாட்டிற் பெருகியுள்ளது. வங்கியின் வரவேற்புக் கூடத்திலும், பல் வைத்தியரின் காத்திருக்கும் அறையிலும், நடுத்தரக் குடும்பங்களின் முன் விறாந்தையிலும் நிற விளக்கொளியில் மீன்கள் நீந்துவதைக் காண்கிறோம். பிள்ளைகள் பிறந்தநாட் பரிசாக மீன் கேட்கின்றனர். நாய் பூனையினும் செலவு குறைந்தது, சத்தம் இல்லாதது, அயலாருக்குத் தொல்லை தராதது என்று எண்ணிப் பெற்றோரும் வாங்கிக் கொடுக்கின்றனர். அவ்வாறு வாங்கிய மீன்களுட் பல சில வாரங்களுக்குள் இறந்துபோவது ஊரறிந்த செய்தி. ஆயின், ஏன் இறந்தன என்று கேட்போர் மிகச் சிலரே. கடைக்காரன் நோய்மீனைத் தலையிற் கட்டிவிட்டான் என்பர் ஒரு சாரார். எங்கள் வீட்டுக்கு மீன் ராசியில்லை என்பர் மற்றொரு சாரார். பின்னர்த் தொட்டி கவிழ்க்கப்பட்டுக் கோடிப்புறத்துக்குப் போய்விடும். அல்லது அதனுள் பிளாஸ்திக் பூக்கள் குடியேறும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, முதலில் யாழ்ப்பாணத்திலும், இடையிலே தொழில் நிமித்தம் கொழும்பிலும், இப்பொழுது மீண்டும் யாழ்ப்பாணத்திலுமாக நன்னீர் மீன்களை வளர்த்து வருபவன். அந்தப் பழக்கத்தால் என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்தொன்றை இங்கு வற்புறுத்த விரும்புகிறேன். மீன் வளர்ப்பு என்று நாம் சொல்லும் தொழிலுக்கு நீர் வளர்ப்பு என்று பெயரிட்டிருக்க வேண்டும். நீரைப் பேணத் தெரிந்தவன் வீட்டில் மீன் தானே வாழும். நீரைப் பேணாதவன் எத்துணை விலையுயர்ந்த மீனை வாங்கினும், எத்துணை மருந்துகளைத் தெளிப்பினும் பயனில்லை. இதனைப் பொழுதுபோக்காளரின் சிறு நுணுக்கம் என்று எவரேனும் ஒதுக்குவாராயின், அவர் குடிக்கும் கிணற்று நீரைப் பற்றியும் நான் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

தொட்டிக்குள் நிகழ்வது யாது? மீன் உண்கிறது, கழிக்கிறது, அதனினும் மேலாகத் தன் செவுள்களின் வழியே இடைவிடாமல் அமோனியாவை நீரில் விடுகிறது. உண்ணாது எஞ்சிய தீனியும், அழுகிய இலையும் அதே அமோனியாவாகவே மாறுகின்றன. ஆற்றிலும் குளத்திலும் இந்நஞ்சு பெருநீரிற் கலந்து கரைந்துவிடும். நாற்பது லீற்றர் கொள்ளும் கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. அன்றியும் அது நிறமற்றது. பளிங்கு போலத் தெளிந்த நீரில் மீன் துடித்து இறப்பதற்கும், சிறிது பழுப்பேறிய நீரில் மீன் பல்லாண்டு வாழ்வதற்கும் காரணம் இதுவே. தெளிவைக் கொண்டு தூய்மையை அளக்கும் நம் வழக்கம் மீன் தொட்டியின் முன் தோற்றுப்போகிறது.

இந்நஞ்சை முறிக்கும் ஊழியர்கள் இயற்கையிலேயே உளர். அவர்கள் கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாக்கள். மணலிலும், வடிகட்டியின் பஞ்சிலும், இலையின் அடியிலும் அவை ஒட்டி வாழும். ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சே. மற்றொருவகை அதனைத் தீமை குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். 1890 ஆம் ஆண்டளவில் சூரிச் நகரில் ஆய்வு செய்த ரஷ்ய அறிஞர் வினொகிராட்ஸ்கி இவ்வுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அதன் பின்னரும் இவற்றின் வரலாறு முடிந்துவிடவில்லை. மீன் தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வது இன்ன பற்றீரியா என்று நூறாண்டுக்காலம் பாடநூல்கள் கூறிவந்தது பிழையென்றும், அத்தொழிலைச் செய்வது நைத்திரோஸ்பைரா என்னும் வேறோர் இனமென்றும் 1998 இல் தெரியவந்தது. ஒரே உயிரே இரண்டு படிகளையும் செய்து முடிக்க வல்லது என்பது 2015 இல் வெளியாயிற்று. அவ்வாறு கண்டறியப்பட்ட உயிர்களுள் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியொன்றின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தது. அறிஞர்களுக்கே நேற்றுத்தான் விளங்கிய உலகம் ஒன்று நம் விறாந்தை மூலையில் உள்ளது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த ஊழியர்கள் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. புதுத்தொட்டியில் அவர்கள் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். நம்மவரோ காலையில் தொட்டி வாங்கி, மதியம் நீர் நிரப்பி, மாலையில் பன்னிரண்டு மீன்களை விடுகின்றனர். முதல் வாரம் யாவும் இன்பமாகவே தோன்றும். இரண்டாம் வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடத் தொடங்கும். மூன்றாம் வாரத்தில் ராசியைப் பற்றிய பேச்சு எழும். இதனைத் தவிர்க்கும் வழி எளிது. நீண்டகாலமாக மீன் வாழும் தொட்டியொன்றிலிருந்து ஒருபிடி மணலோ, பழைய பஞ்சுத் துண்டோ வாங்கி வந்து, பாலுக்கு உறைமோர் இடுவது போல, புதுத்தொட்டியில் இடுதல் வேண்டும். பின்னர் இரண்டு மூன்று மீன்களுடன் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்லத் தொகையைக் கூட்டலாம். தோய்ந்த தயிரை நாள்தோறும் கிளறுவார் எவருமில்லை. ஆனால் மீன் தொட்டியை மட்டும் பொங்கலுக்கு வீடு கழுவுவது போல அடிமுதல் முடிவரை தேய்த்துக் கழுவி, மணலை வெயிலிற் காயவிட்டு, வடிகட்டியின் பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் பிழிந்து, புதுநீர் நிரப்பி மனநிறைவு கொள்வோர் பலர். அத்தூய்மையினால் இறப்பவை முதலில் அந்தப் பற்றீரியாக்களே. மீன்களின் முறை சில நாட்கள் கழித்து வரும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே இலேசாக அலசினாற் போதும்.

நிற்க. வட்டக் கண்ணாடிக் குவளையைப் பற்றி எனக்கு ஆறாத கோபம் ஒன்றுண்டு. அதனுள் ஒரு பொன்மீனை விட்டுப் பிள்ளையின் கையிற் கொடுப்பது அழகிய காட்சியாகப் படங்களிற் காட்டப்படுகிறது. பொன்மீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சீனத்தார் குளங்களில் வைத்துப் பேணி உருவாக்கியது. நன்றாக வளர்ந்தால் ஓரடி நீளம் எட்டவல்லது. பத்து இருபது ஆண்டுகள் வாழ வல்லது. இங்கிலாந்தில் ஒரு பொன்மீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999 இல் இறந்தது. இத்தகைய உயிரை மூன்று லீற்றர் நீரில் அடைத்து, மூன்று மாதத்தில் அது இறந்தால் அது அதன் ஆயுள் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளையும் அதனை நம்பி வளர்கிறது. குவளையின் வாய் உட்புறம் வளைந்து ஒடுங்கியிருப்பதால் காற்றுப்படும் நீர்ப்பரப்புச் சிறுத்துவிடுகிறது. ஒட்சிசன் நீரிற் புகும் வாயிலோ அந்தப் பரப்புத்தான். அடியில் எழும் காற்றுக் குமிழிகள் மீனுக்கு மூச்சூட்டுகின்றன என்று பலர் எண்ணுவர். அவை செய்யும் பெரிய உதவி மேற்பரப்பைக் கலக்கிவிடுவதே.

சண்டை மீனைத் தேநீர்க் கோப்பையளவு போத்தலில் அடைத்து விற்போர் வேறொரு நியாயம் சொல்வர். அது வெளிக்காற்றைச் சுவாசிக்கும் மீன். ஆகவே இடம் வேண்டாம் என்பர். முற்பகுதி உண்மை. சண்டை மீனுக்கும், நம் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டைக்கும் செவுள்களின் மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்புண்டு. அதனால் அவை காற்றை நேரே உட்கொள்ளும். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் நாட்டவரான டல்டோர்ஃப் என்பவர் 1791 இல் பனைமரத்தில் ஒரு கெண்டையைக் கண்டதாக எழுதியமையே அந்தப் பெயருக்குப் பிறநாட்டாரிடையே புகழ் தந்தது. எனினும், மூச்சு விட முடியும் என்பதனால் ஒருவனை அலுமாரிக்குள் அடைத்து வைக்கலாமா? காற்றைச் சுவாசிக்கும் மீனும் அமோனியாவை வெளியிடுகிறது. அந்தச் சிறு போத்தலில் அதுவே அதன் உடலைச் சுடுகிறது. நகரசபைகளும் பாடசாலைக் களியாட்ட விழாக்களும் வேறொன்றும் செய்யாவிடினும், மீனைப் பரிசுப்பொருளாகப் பொலித்தீன் பையிற் கட்டிக் கொடுக்கும் வழக்கத்தையாவது நிறுத்தலாம்.

மீனைக் கண்ணாடிக்குள் வைத்தலே பாவம், அதில் நல்ல முறை தீய முறை என்று என்ன வேறுபாடு என்று கேட்பாரும் உளர். அவ்வினாவை நான் இலேசாக எண்ணவில்லை. வளர்ப்புப் பண்ணையிற் பல தலைமுறையாகப் பிறந்த கப்பியும் மொலியும் போதிய இடமும் உணவும் பெற்றுத் தொட்டியிற் குட்டி ஈன்று பெருகுவதைக் கண்டவன், அவற்றின் வாழ்வு துன்பமே என்று சொல்லத் துணியமாட்டான். காட்டருவியிற் பிடித்து, பத்துக் கைகள் மாறி, நூறு மைல் கடந்து வந்த மீனைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டைப் பார்த்து வாங்குவது வாங்குவோரின் கடமை. கடைக்காரரை வினாவினால் பெரும்பாலும் மறைக்காமற் சொல்லுவார்; வினாவுவோர்தாம் இல்லை.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டினியால் இறந்த தொட்டி மீனை நான் கண்டதில்லை. விருந்தோம்பலால் இறந்தவற்றை எண்ணி முடியாது. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை இடுவர். இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே அளவு. வாரத்தில் ஒருநாள் உபவாசமும் மீனுக்கு நன்று.

மீன்களின் தொகையில் அடக்கம் வேண்டும் என்பதை நம் நாட்டுக்கு உணர்த்தியது மின்வெட்டு. வெப்பநாட்டு நீர் குறைந்த அளவு ஒட்சிசனையே தாங்கும். இருபது பாகைச் செல்சியசில் ஒரு லீற்றர் நீர் ஒன்பது மில்லிகிராம் ஒட்சிசன் கொள்ளுமாயின், முப்பது பாகையில் ஏழரை மில்லிகிராம் மட்டுமே கொள்ளும். இந்தக் குறையைக் காற்றுப்பம்பி மறைத்து வைத்திருக்கிறது. 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது அந்த மறைப்பு விலகிற்று. பெரிய வடிகட்டியும் நெருங்கிய மீன்களுமாக விளங்கிய தொட்டிகள் அந்நாட்களில் ஓர் இரவுக்குள் வெறுமையாயின. பாசியும் கொடியும் அடர்ந்து, நான்கைந்து மீன்களே வாழ்ந்த எளிய தொட்டிகள் மின்வெட்டை உணரவேயில்லை.

எங்களுக்கு அது புதிய செய்தியன்று. 1990 முதற் பல ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்தது. அக்காலத்தில் இங்கு மீன் வளர்த்தவர்களிடம் பம்பியும் இல்லை, விளக்கும் இல்லை. சீமெந்துத் தொட்டியிலோ பழைய கண்ணாடிப் பெட்டியிலோ நீர்த்தாவரங்களை நட்டு, காலை வெயில் படும் இடத்தில் வைத்து, சில கப்பிகளையும் நத்தைகளையும் விட்டோம். பகலில் தாவரம் ஒட்சிசனைத் தந்தது. மீனின் கழிவைத் தாவரம் உண்டது. அழுகிய இலையை நத்தை உண்டது. இதே முறையை இலண்டனிலே இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன் 1850 இல், இரண்டு பொன்மீன்களையும் வலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற நீர்த்தாவரத்தையும் நத்தைகளையும் கொண்டு செய்து பார்த்து, அறிஞர் கழகத்தில் எடுத்துரைத்தார் என்பதைப் பிற்காலத்திலே நூல்களிற் படித்தேன். 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் முதற் பொதுமீன்காட்சி திறக்கப்படுவதற்கு முன்னோடியாய் நின்றவற்றுள் அம்முயற்சியும் ஒன்று. வறுமையும் போரும் எங்களை அவருடைய வழிக்கே கொண்டு சென்றிருந்தன. இன்று பம்பியும் வடிகட்டியும் தாராளமாய்க் கிடைக்கும்போதும், தாவரமில்லாத தொட்டியை நான் வீடென்று ஒப்புக்கொள்வதில்லை.

இனி ஊருக்கு ஊர் நீர் வேறு என்பதைச் சொல்ல வேண்டும். கொழும்புக்கு வரும் நீர் களனியாற்றிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது, மென்மையானது. யாழ்ப்பாணத்து நீர் சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறிக் கிணற்றுக்கு வருவது. கடினமானது, காரத்தன்மை உடையது. கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி. இவ்வேறுபாடு மீனுக்கு வெறுஞ் சுவை வேறுபாடன்று. அமோனியா காரநீரிலேதான் முழு நஞ்சாக நிற்கும். நீரின் பீ.எச். அளவு ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால் அந்நஞ்சின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆகவே கொழும்பில் தாங்கக்கூடிய சிறு அசட்டை யாழ்ப்பாணத்தில் மீனைக் கொன்றுவிடும். மறுபுறம், கொழும்பின் குழாய்நீரிற் குளோரீன் உண்டு. வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் அது நீங்கும். குளோரமைன் கலந்த நீராயின் வைத்திருப்பதால் நீங்காது. அதற்குரிய மருந்து வேண்டும்.

நீரை அறிந்து மீனைத் தேர்தல் என்பது இதிலிருந்து பெறப்படும். மொலியும் கப்பியும் யாழ்ப்பாணத்துக் கடின நீரில் மகிழ்ந்து வாழும். நம் நாட்டின் ஈரவலயத்துக் காட்டருவிகளில் மட்டுமே பிறந்த சில அழகிய மீன்கள் உலகமெங்கும் தொட்டிகளிற் புகழ்பெற்றவை. ஆங்கிலத்திற் செறி பார்ப் எனப்படும் செந்நிற மீனை 1929 இல் உலகுக்கு விவரித்தவர் நம் நாட்டு அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல. சிங்கள மக்கள் அழைத்த பெயரையே அதன் அறிவியற் பெயரிலும் அமைத்தார். உடல் கறுத்து முகம் சிவக்கும் மற்றொரு மீனைச் சிங்களத்தில் வெற்றிலை மெல்லுபவன் என்ற பொருள்பட புலத் ஹப்பயா என்பர். எத்துணை பொருத்தமான பெயர்! ஹல் மரத்துப் பூவின் பெயரைத் தாங்கிய ஹல்மல் தண்டியா மரநிழல் விழும் மென்னீரிலன்றித் தழையாது. அதனை வாங்கி வந்து வலிகாமத்துக் கிணற்று நீரில் விடுவது, மலைநாட்டு ஓர்க்கிட்டைச் செம்மண் தோட்டத்து வெயிலில் நடுவதை ஒக்கும். மீன் நிறம் மங்கி மெலியும். பார்ப்பவனுக்கு இன்பமும் இல்லை. மீனுக்கு வாழ்வும் இல்லை.

இம்மீன்களுட் சில எத்துணை ஒடுங்கிய இடத்தை நம்பி வாழ்கின்றன என்பதை நம்மவர் அறிவது நன்று. 1991 இல் அறிஞர் விவரித்த பந்துல பார்ப் என்னும் சிறுமீன் கேகாலை மாவட்டத்தில் கலப்பிட்டமடைக்கு அண்மையில் வயல்களினூடே ஓடும் ஒரு சிற்றோடைக்கு உரியது. அது முற்றாக அழியும் ஆபத்தின் விளிம்பில் உள்ள இனமாக எண்ணப்படுகிறது. ஓர் ஓடை வற்றினால், அல்லது பூச்சிகொல்லி சிறிது மிகுந்தால் அம்மீனின் கதை முடிந்தது.

இதற்கு எதிரான கேடு ஒன்றும் உண்டு. அது தொட்டியிலிருந்து குளத்துக்குப் போவது. ரேங்க் கிளீனர் என்ற பெயரில் விற்கப்படும் தென்னமெரிக்கக் கவசக் கெளிறு விரலளவிலே வாங்கப்படுகிறது. அது பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக்கும் என்பது விற்பனை மொழி. அது ஓரடிக்கு மேல் வளரும் என்பதை எவரும் சொல்வதில்லை. வளர்ந்ததும் இரக்கமுள்ள குடும்பத்தார் அதனைக் கொல்ல மனமின்றி அருகிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுப் புண்ணியம் தேடுகின்றனர். அது இன்று நம் நாட்டின் நீர்த்தேக்கங்கள் சிலவற்றிற் பெருகி, மீனவரின் வலையைக் கிழித்து, கரையைத் துளைத்துக் கூடமைத்து வாழ்கிறது. கத்திமீன் எனப்படும் தென்கிழக்காசிய மீனின் வரலாறும் அவ்வாறே. மேல்மாகாணத்து நீர்நிலைகளில் அது பிற மீன்களைத் தின்று கொழுக்கிறது. இவை தாமே நீந்தி வந்தவையல்ல, விறாந்தையிலிருந்து போனவை. வளர்ந்த மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளாத கடையில் அதனை வாங்காதிருத்தலே ஒரே வழி. குளத்தில் விடும் இரக்கத்தை நான் இரக்கமென்று கொள்ளமாட்டேன்.

தொடக்கத்திற் கிணற்றைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். அதற்கு வருவோம்.

பற்றீரியாக்கள் தம் கடமையை முடித்தபின் தொட்டியில் எஞ்சுவது நைத்திரேற்று. தாவரங்கள் ஒரு பங்கை உறிஞ்சும். மிகுதி நாள்தோறும் ஏறும். அதற்குரிய பரிகாரம் வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை அகற்றிப் புதுநீர் விடுவது. ஆவியாய்க் குறைந்த நீருக்கு ஈடாக மேலும் நீர் ஊற்றுவது மாற்றுதல் ஆகாது. நீர்தான் ஆவியாகிறது, கரைந்த பொருள் அங்கேயே நின்று தடிக்கிறது. மீன் வளர்ப்போர் சிறு சோதனைக் குப்பிகளில் மருந்துத் துளியிட்டு, நிறம் மாறுவதைக் கொண்டு இவ்வளவுகளை அறிவர். லீற்றருக்கு நாற்பது மில்லிகிராமைத் தாண்டினால் எங்கள் மனம் அமைதியிழக்கும். உடனே வாளியை எடுப்போம்.

யாழ்ப்பாணத்திற்கு மீண்ட பின்னர், தொட்டி நீரைச் சோதிப்பதற்கு முன் அதனுள் ஊற்றப்போகும் கிணற்று நீரைச் சோதிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தோட்டச் செய்கை மிகுந்த வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். என் சிறு குப்பியும் அதையே சொல்லிற்று. சில தோட்டக் கிணறுகளின் நீர், நான் மாற்றி ஊற்ற எண்ணியிருந்த பழைய தொட்டி நீரினும் சிவந்து நின்றது. அந்த நீரைக் கொண்டு தொட்டியை மாற்றினால் மீனுக்கு நன்மை இல்லை. ஆனால் அதே கிணற்றில் ஒரு வீட்டார் உலைக்கு நீர் மொண்டு செல்கின்றனர்.

காரணம் அறியாததன்று. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மாரிக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நிலத்தடி நீரே தஞ்சம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் இரசாயன உரத்திற் பயிர் உண்டது போக எஞ்சியது மாரிமழையிற் கரைந்து, வெடிப்பும் குகையுமாக உள்ள சுண்ணாம்புக்கல்லினூடே இலகுவாக இறங்கிவிடுகிறது. கிணற்றுக்கு அண்மையில் வெட்டிய மலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. அங்கும் அமோனியாவை நைத்திரேற்றாக்குபவை மண்ணில் வாழும் அதே இனத்துப் பற்றீரியாக்களே. கண்ணாடித் தொட்டியிற் காண்பதற்கும் கிணற்றில் நிகழ்வதற்கும் அளவிலன்றித் தன்மையில் வேறுபாடு இல்லை.

நைத்திரைற்று மிகுந்த நீரில் மீனின் குருதி செந்நிறம் இழந்து கபில நிறமாகும். ஈமோகுளோபின் ஒட்சிசனைத் தாங்கும் ஆற்றலை இழப்பதே அதன் காரணம். நீரில் ஒட்சிசன் நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறும். இது நேரும்போது தொட்டியிற் சிறிது உப்பு இடுவோம். உப்பிலுள்ள குளோரைட்டு செவுளினூடே நைத்திரைற்று உட்புகுவதைத் தடுக்கும். இதே கேடு மனிதக் குழந்தைக்கும் நேரும் என்பதை அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வைத்தியர் ஹண்டர் கொம்லி 1945 இல் எடுத்துக்காட்டினார். கிணற்று நீரிற் கரைத்த பாலை உண்ட சில மாதக் குழந்தைகள் நீலம் பாரித்தமைக்குக் காரணம், அந்நீரின் நைத்திரேற்று உடலுள் நைத்திரைற்றாக மாறியமையே என்று அவர் கண்டார். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை குழந்தைகளை மனத்திற்கொண்டே எழுந்தது. குழந்தைக்கு உப்பிட்டுக் காக்கும் வழி இல்லை. நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமி இறக்கும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது தடிக்கவே செய்யும். நன்றாகக் கொதித்தாறிய நீர்தானே என்று தாய்மார் நம்பியிருப்பது இவ்விடத்தில் உதவாது.

மீனுக்கு நாற்பதில் வாளியை எடுக்கிறோம். குழந்தைக்கு எத்தனையில் எடுக்கிறோம்? எடுத்தாலும் எங்கே ஊற்றுவது? தொட்டியின் நீரைக் கொண்டுபோய்த் தென்னைக்கு ஊற்றிவிட்டுக் கிணற்றிலிருந்து புதுநீர் கொணரலாம். கிணற்றுக்கு அத்தகைய மறுகிணறு கிடையாது. உரத்தை அளந்து இடுதலும், மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து விலக்கி அமைத்தலும், மழைநீரைக் கூரையிலிருந்து சேகரித்துக் குழந்தைகளின் தேவைக்கு வைத்தலும் ஆகிய இவையே நம் கைக்கு எட்டியவை. இவற்றைச் செய்ய முன் அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் பாடசாலைகள் பலவற்றின் விஞ்ஞான அறையில் ஒரு மீன் தொட்டி உண்டு. அல்லது ஒரு காலத்தில் இருந்த தொட்டி காய்ந்து கிடக்கிறது. அதனை மீண்டும் நிரப்பி, மாணவர் கையிற் சோதனைக் குப்பிகளைக் கொடுக்கும்படி ஆசிரியர்களை வேண்டுகிறேன். ஆறு வாரத்தில் அமோனியா ஏறி இறங்குவதையும், நைத்திரைற்று ஏறி இறங்குவதையும், நைத்திரேற்று ஏறி நிற்பதையும் அவர்கள் தாமே எழுதி வைப்பர். எந்தப் பாடநூற் படமும் தராத விளக்கம் அதனால் உண்டாகும். பின்னர் ஒவ்வொரு மாணவரும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரில் ஒரு போத்தல் கொண்டுவரட்டும். துளி மருந்துக் குப்பிகள் ஆய்வுகூடத்துக் கருவியைப் போல நுட்பமானவையல்ல. எனினும் எந்தக் கிணற்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளப் போதுமானவை. கிணற்றின் ஆழம், அண்மையிலுள்ள தோட்டம், மலகூடக் குழியின் தூரம் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு கொப்பியிற் பதியலாம். கைக்குழந்தை உள்ள வீடுகளின் கிணறுகளை முதலிற் பார்ப்பது முறை. ஐப்பசியில் மாரி தொடங்குமுன் ஒருமுறையும், உரம் கரைந்து இறங்கியபின் தை மாதத்தில் மற்றொரு முறையும் அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.